தபாற் பொதியிலே தோட்டாக் கோது: சட்டம் என்ன சொல்கின்றது?

(கமக்காரரும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றிலே, சட்டத்தரணியும் அரசியல் அமைப்பாளருமான ஒருவர் ஆற்றிய உரை)



மேடையேறும் அரசியல்வாதி பெரிய பொருள்களைப் பற்றியே பேசவேண்டும் என்பது எமது நாட்டு வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளைக் கோது. சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுக் கோது. அதனைத் தபாலில் அனுப்பலாமா, ஆகாதா? துவக்கின் உறுப்பொன்றைப் பொதியாகக் கட்டி அனுப்பலாமா, ஆகாதா? இதுதான் கேள்வி. "இதற்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு?" என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். உரை முடியுமுன் அத்தொடர்பைக் காட்டுவது எமது பொறுப்பு.

சில காலத்துக்கு முன் வன்னிப் பகுதியிலிருந்து முதிய கமக்காரர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். வயலுக்கு நீர் பாயும் வாய்க்காலை ஆழமாக்க வெட்டியபோது கையளவு தோட்டாக் கோதுகள் மண்ணோடு வெளிவந்தன என்றார். கடல் கடந்து வாழும் அவருடைய மகன், "அப்பா, எங்கள் மண்ணிலே கிடந்தது. எனக்கு ஒன்று அனுப்பி வையுங்கள், என் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும்" என்று கேட்டிருந்தானாம். அதே பொதியில், முப்பாட்டன் காலத்து வேட்டைத் துவக்கிலிருந்து கழன்ற குதிரையையும் வைத்து, அங்கே அதுபோல் ஒன்று வாங்க முடியுமா என்று பார்க்கச் சொல்ல எண்ணினார். கோதுகளை எம் மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, இது வெறுங் கோதுதானே? வெடிக்காதே. தபாலிலே போட்டால் என்ன?" என்று கேட்டார்.

இக்கேள்வியைக் கேட்டு நாம் நகைக்கவில்லை. ஏனெனில் இதற்கு ஒரே சொல்லில் விடை கூறக்கூடிய சட்டத்தரணி உலகில் எங்கும் இல்லை. அவ்விடை எத்தனை கிளைகளாகப் பிரிகின்றது என்பதை உங்களுக்குக் காட்டுவோம்.

முதலிற் பொருளை அறிவோம். ஒரு முழுத் தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு. வெளியே கோது, அதன் அடியில், ஊசி அடித்தவுடன் பொறி எழுப்பும் தீமூட்டி, உள்ளே வெடிமருந்து, நுனியிலே ரவை. துவக்கு வெடித்ததும் ரவை பறந்துவிடும்; மருந்து எரிந்துவிடும்; தீமூட்டி செத்துவிடும். மிஞ்சுவது கோது. நெல்லைக் குற்றினால் அரிசி ஒரு பக்கம், உமி ஒரு பக்கம். கோது உமிதான். ஆனால் சட்டம் உமியையும் நெல் என்று சொல்லக்கூடும் என்பதே நாம் கவனிக்கவேண்டிய செய்தி.

ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். "வெடிபொருட் தோட்டா" என்றால் என்ன என்பதற்கு 1968 ஆம் ஆண்டின் துவக்குக் கட்டுப்பாட்டுச் சட்டம் தரும் வரைவிலக்கணத்திலே முழுத் தோட்டா மட்டுமன்றி, தோட்டாக் கோது, தீமூட்டி, ரவை, உந்துமருந்து ஆகிய நான்கும் தனித்தனியாகவே இடம்பெற்றுள்ளன. அஃதாவது, அந்நாட்டின் அச்சட்டத்துக்கு உமியும் நெல்லே. ஐக்கிய நாடுகள் சபை 2001 ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டு, 2005 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சுடுகல நெறிமுறையோ இன்னொரு வழியிற் செல்கின்றது. அதுவும் கோதையும் தீமூட்டியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றது. ஆனால், அவ்வுறுப்புகள் அந்தந்த நாட்டிலே அனுமதிக்கு உட்பட்டவையாக இருந்தால் மாத்திரமே அவற்றைத் தோட்டாவாகக் கொள்ளலாம் என்று ஒரு நிபந்தனை விதிக்கின்றது. பிரித்தானியாவில் 2006 ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம், உயிருள்ள தீமூட்டியையும், அத்தகைய தீமூட்டி பொருத்தப்பட்ட வெற்றுக் கோதையும் விற்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. அங்கே கேள்வி கோதைப் பற்றியதன்று. அதன் அடியில் உறங்கும் தீயைப் பற்றியது.

பொதிகளை ஏற்றிச் செல்வோர் பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் ஆபத்துப் பொருட் பட்டியலும் இவ்வேறுபாட்டையே கூறுகின்றது. சிறு சுடுகலத் தோட்டாவுக்கு அங்கே 0012 என்னும் இலக்கம். தீமூட்டி உள்ள வெற்றுக் கோதுக்கு 0055 என்னும் இலக்கம். இரண்டும் முதலாம் வகுப்பு. அஃதாவது வெடிபொருள் வகுப்பு. ரவையும் இல்லை, மருந்தும் இல்லை. ஆயினும் தீமூட்டி உயிரோடு இருந்தால் அது வெடிபொருளே. தீமூட்டி செத்த கோதோ வெறும் பித்தளை.

பெரியோர்களே, இப்பொழுது அந்த முதியவரின் கேள்வியை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். "வெறுங் கோதுதானே?" என்றார். கோதின் அடியிலே ஊசி குத்திய வடு இருக்கின்றதா, இல்லையா என்று அவர் பார்த்தாரா? வடு இருந்தாலும் அந்தத் தீமூட்டி உண்மையில் எரிந்ததா, தவறிப்போனதா என்று மண்ணுக்குள்ளே ஆண்டுக்கணக்கிற் கிடந்த கோதைப் பார்த்து யார் சொல்லமுடியும்? அவர் பார்க்கவில்லை. நாமும் பார்க்கத் துணியவில்லை. "மேசையில் வைத்ததைத் தொடவேண்டாம்" என்றே முதற் சொல் சொன்னோம்.

இனி, துவக்கின் உறுப்புகளைப் பார்ப்போம். துவக்கு ஒன்றைத் துண்டு துண்டாகக் கழற்றினால், எந்தத் துண்டு வரைக்கும் அது துவக்கு? அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், துவக்கின் நடுச் சட்டகத்தையே முழுத் துவக்காகக் கொள்கின்றது. சட்டகம் தனியே கிடந்தாலும் அது துவக்கு. குழலும் விசையும் பிடங்கும் பொதுவாக அவ்வாறு கொள்ளப்படுவதில்லை. பிரித்தானியாவின் 2017 ஆம் ஆண்டுச் சட்டம், 1968 ஆம் ஆண்டின் சுடுகலச் சட்டத்திலே "உறுப்பு" என்றால் எவை என்பதைத் தெளிவாக்கியது: குழல், வெடியறை, உருளை, சட்டகம் அல்லது உடற்பகுதி, வெடியின் அழுத்தத்தைப் பின்புறம் தாங்கி நிற்கும் அடைப்பு. இவற்றை வைத்திருப்பதற்கும் சான்றிதழ் வேண்டும். ஐக்கிய நாடுகளின் நெறிமுறையோ, துவக்கு இயங்குவதற்கு இன்றியமையாதவாறு விசேடமாக அமைந்த எந்த உறுப்பையும் சேர்த்துக்கொள்கின்றது. ஓசையைக் குறைக்கும் கருவியையும் சேர்த்துக்கொள்கின்றது.

ஒரே இரும்புத் துண்டு ஒரு நாட்டில் வெறும் இரும்பு. மற்றொரு நாட்டில் ஆயுதம். பொதி புறப்படும்போது அது குற்றமற்றதாக இருக்கலாம். கடலைத் தாண்டி இறங்கும்போது அதைப் பெறுகின்றவன் குற்றவாளியாக நிற்கலாம். அனுப்பியவர் தந்தை, அகப்படுபவன் மகன்.

இத்தனை விதிகளும் எதற்காகப் பிறந்தன? சட்டம் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒவ்வொரு விதியின் பின்னாலும் ஒரு துயரம் நிற்கும். அமெரிக்காவின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

1927 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 8 ஆந் திகதி, உடலில் மறைத்து வைக்கக்கூடிய கைத்துப்பாக்கிகளைத் தபாலில் அனுப்பலாகாது என்னும் சட்டம் அங்கே நிறைவேறியது. அதிகாரிகளுக்கும், வணிகர்கள் தமக்குள் அனுப்புவதற்கும் விலக்கு அளிக்கப்பட்டது. நல்ல சட்டம் என்று அன்று பலர் எண்ணினர். ஆனால், அச்சட்டம் பூட்டியது தபாற் கந்தோரின் கதவை மாத்திரமே. புகைவண்டிப் பொதிச் சேவையின் கதவு அகலத் திறந்தே கிடந்தது. நீண்ட துவக்குகளுக்கோ தபாற் கந்தோரின் கதவே திறந்துதான் இருந்தது.

முப்பத்தாறு ஆண்டுகள் சென்றன. 1963 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20 ஆந் திகதி இரண்டு பொதிகள் டலஸ் நகரத்தை நோக்கிப் புறப்பட்டன. ஒன்று சிக்காகோவிலிருந்து, மற்றொன்று லொஸ் ஏஞ்சலீசிலிருந்து. சிக்காகோப் பொதியில் இருந்தது தொலைநோக்கி பூட்டிய இத்தாலிய இராணுவத் துவக்கு. சஞ்சிகையிலே வந்த விளம்பரச் சீட்டை வெட்டி, 21 டொலர் 45 சதத்துக்குக் காசுக் கட்டளை இணைத்து, பொய்ப் பெயரிலே வரவழைக்கப்பட்ட பொருள் அது. அஞ்சற் பெட்டி இலக்கம் ஒன்றுக்கு அது தபாலிலேயே வந்து சேர்ந்தது, சட்டம் தடுக்கவில்லை. லொஸ் ஏஞ்சலீசுப் பொதியில் இருந்தது 29 டொலர் 95 சதம் விலையுள்ள கைத்துப்பாக்கி. 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அதைத் தபாலில் அனுப்ப முடியாது. ஆகவே புகைவண்டிப் பொதிச் சேவை கொண்டுவந்து கொடுத்தது! இரண்டையும் வரவழைத்தவன் ஒருவனே: லீ ஹார்வி ஒசுவால்ட். அவ்வாண்டு நவம்பர் 22 ஆந் திகதி குடியரசுத் தலைவர் கெனடி சுட்டுக் கொல்லப்பட்டதும், அதே நாளில் ஒரு பொலிசு உத்தியோகத்தர் கொல்லப்பட்டதும் உலகம் அறிந்த செய்தி. அவ்விரு கொலைகளையும் புரிந்தவன் அவனே என்று வாரன் ஆணைக்குழு முடிவு செய்தது.

அதே ஆணைக்குழுவின் அறிக்கையிலே சட்டத்தரணிகளாகிய நாம் மறக்கவியலாத மற்றொரு சிறு செய்தியும் உண்டு. அஞ்சற் பெட்டி வாடகைக்கு எடுப்போர், தம் பெட்டியில் வேறு யார் யாருடைய பெயருக்குக் கடிதம் வரலாம் என்று படிவத்தில் எழுதவேண்டும். டலஸ் பெட்டி 1963 மே மாதத்தில் மூடப்பட்டதும், அப்பெயர்கள் இருந்த பகுதி விதிப்படியே எறியப்பட்டுவிட்டது. பொய்ப் பெயர் அதில் எழுதப்பட்டிருந்ததா என்பதை எவராலும் பின்னர் காட்டமுடியவில்லை. ஒரு தாளின் துண்டு! அதைக் காப்பாற்றும் விதி இருந்திருந்தால் ஒரு நாட்டின் எத்தனையோ ஐயங்களில் ஒன்றாவது தீர்ந்திருக்கும்.

கெனடி மறைந்த பின்னரும் சட்டம் உடனே வரவில்லை. ஐந்து ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்தார்கள். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் வீழ்ந்தார். ஜூன் மாதத்தில் றொபேர்ட் கெனடி வீழ்ந்தார். அதன் பின்னரே, அவ்வாண்டு ஒக்டோபர் 22 ஆந் திகதி துவக்குக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஜோன்சன் கையொப்பமிட்டார். மாநில எல்லையைக் கடந்து தனி மனிதருக்குத் துவக்கையும் தோட்டாவையும் தபால்வழி விற்பது அச்சட்டத்தால் நிறுத்தப்பட்டது. பின்னர் 1986 ஆம் ஆண்டு வந்த சட்டம் தோட்டா பற்றிய கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. 1927 ஆம் ஆண்டுச் சட்டமே அரசியலமைப்புக்கு மாறானது என்னும் வாதம் அண்மைக் காலத்தில் அங்கே நீதிமன்றத்துக்கும் போயிருக்கின்றது. ஆகவே, சட்டம் ஒருமுறை எழுதி முடிந்துவிடும் பொருளன்று. பூட்டப்பட்ட கதவு மறுபடி திறக்கப்படும். திறந்த கதவு மறுபடி பூட்டப்படும். நேற்றைய விதியை நம்பி இன்று பொதி கட்டுகின்றவன் ஏமாறுவான்.

இனி நாடுகளுக்கிடையே செல்லும் தபாலைப் பார்ப்போம். 1874 ஆம் ஆண்டு சுவிற்சலாந்தின் பேண் நகரிலே அமைந்த உலக அஞ்சற் சங்கத்தில் இலங்கையும் ஓர் உறுப்பு நாடு. அச்சங்கத்தின் உடன்படிக்கை, வெடிக்கக்கூடிய, தீப்பற்றக்கூடிய, பிற ஆபத்தான பொருள்களைக் கடிதத்திலும் பொதியிலும் அனுப்புவதைத் தடுக்கின்றது. அம்மட்டில் நிற்கவில்லை. செயலிழந்த வெடிபொருள்களும், இராணுவப் படைக்கலங்களும், அவற்றைப் போலச் செய்தவையும், செயலிழந்த கைக்குண்டும், செயலிழந்த எறிகணையும் அவை போன்றனவும் ஆகா என்று கூறுகின்றது. செயலிழந்த பொருளுக்கு ஏன் தடை? ஊடுகதிர்ப் பெட்டிக்குள் பொதி செல்லும்போது, திரையிலே தெரிவது உருவம் மாத்திரமே. உள்ளே மருந்து இருக்கின்றதா, மண் இருக்கின்றதா என்று திரை சொல்லாது. ஐயம் எழுந்தால் வேலை நிற்கும், மனிதர் வெளியேற்றப்படுவர், பொதியை அனுப்பியவரின் பெயர் தேடப்படும்.

அந்தப் பொதி எமது நாட்டிலிருந்து போவதென்றால், அதன்மேல் எழுதப்பட்டிருப்பது தமிழ்ப் பெயரென்றால், எந்த ஊரில் எந்த வீட்டுக் கதவு தட்டப்படும் என்பதை உங்களுக்கு நாம் விளக்கவேண்டிய தேவை இல்லை.

எமது நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலக் கட்டளைச் சட்டம் ஆங்கிலேயர் எழுதியது. துவக்கு வைத்திருப்பவர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும் என்பது கமக்காரராகிய உங்களுக்கு எம்மைவிட நன்றாகத் தெரியும். பன்றியும் குரங்கும் பயிரை அழிக்கும்போது துவக்கு உங்களுக்கு ஓர் உழுபடை போன்றது. வெடிமருந்தைப் பற்றி 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட் சட்டம் உண்டு. இவற்றுக்கு மேலே, 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எமது மக்கள் எவரும் மறவார். மூன்று ஆண்டுகளுக்கு என்று பிறந்து, "தற்காலிக ஏற்பாடுகள்" என்னும் பெயரைத் தன் நெற்றியிலேயே தாங்கிக்கொண்டு, 1982 இல் அந்தக் கால எல்லையும் நீக்கப்பட்டு, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நீடித்த சட்டம் அது. உதவிப் பொலிசு அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத உத்தியோகத்தரிடம் கூறிய குற்ற ஒப்புதலையும் சான்றாக ஏற்கலாம் என்று அது விதித்தது. அத்தகைய சட்டத்தின் நிழலிலே வாழ்ந்த மக்களுக்கு, வீட்டு இறப்பிலே செருகியிருந்த ஒரு வெற்றுக் கோதும் வெறுமையானதன்று. அதற்கு விளக்கம் சொல்லவேண்டியவர் வீட்டுக்காரர்; நம்பாதிருக்கும் உரிமை மற்றவருக்கு.

தாய்மார்களே, கோதுக்கு இன்னொரு முகமும் உண்டு. அது சாட்சி. துவக்கின் ஊசி கோதின் அடியிலே குத்திய வடுவும், பின்னடைப்பு அழுத்திய தழும்பும் அந்தத் துவக்கின் கையெழுத்துப் போன்றவை. டலஸ் நகரில் பொலிசு உத்தியோகத்தரைக் கொன்ற ரவைகளைக் கொண்டு, இன்ன துப்பாக்கிதான் என்று உறுதியாகக் காட்ட வல்லுநர் இடர்ப்பட்டனர். அவ்விடத்திலே வீசப்பட்ட நான்கு கோதுகளைக் கொண்டே, இத்துப்பாக்கி தவிர வேறொன்றன்று என்று உறுதி கூறினர். அக்கோதுகளைத் தேடி எடுத்துப் பொலிசாரிடம் கொடுத்தவர்கள் யார்? அத்தெருவிலே நின்ற சாதாரண மக்கள். அவர்கள் அவற்றை நினைவுப் பொருளென்று சட்டைப் பையில் இட்டிருந்தால், உண்மையின் ஒரு வாய் அடைபட்டிருக்கும்.

எமது நாட்டிலே சான்றுப் பொருளுக்கு என்ன நேர்கின்றது? 2006 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மூதூரிலே பிரெஞ்சு நிவாரண நிறுவனம் ஒன்றின் 17 பணியாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர். உடல்களிலிருந்து எடுக்கப்பட்ட ரவைகளுள் ஒன்று 5.56 மில்லிமீற்றர் வகை என்று வெளிநாட்டு வல்லுநர் ஒருவர் முதலில் எழுதினார். நீதிமன்றத்துக்குச் சென்ற பொருள்களிலே அத்தகையது இல்லை என்று சர்வதேச நீதிவாணர் ஆணைக்குழு 2007 இல் வினா எழுப்பியது. பின்னர், தாம் முதலிற் கூறியது தவறென்றும், அது 7.62 வகையே என்றும் அவ்வல்லுநர் அறிவித்தார். எது சரி என்று தீர்ப்புக் கூற நாம் இங்கே நிற்கவில்லை. எமது கருத்து ஒன்றே: விரல் நுனியளவு உலோகம் ஒன்று யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த உறையில், எந்த முத்திரையோடு, எந்தத் திகதியில் சென்றது என்னும் சங்கிலி அறுந்தால், நீதியின் மேல் மக்கள் கொண்ட நம்பிக்கையும் அறுந்துவிடும். விளக்கம் எத்துணை நேர்மையானதாயினும் ஐயம் நீங்காது.

ஆகவே, வயலிலே கிடக்கும் கோதைப் பொறுக்கித் தபாலில் இடுவது மூன்று வகையில் தீது. கையை இழக்கக்கூடும், விதியை மீறக்கூடும், சான்றை அழிக்கக்கூடும். முதலாவது உடலுக்குத் தீது; இரண்டாவது குடும்பத்துக்குத் தீது; மூன்றாவது இனத்துக்குத் தீது.

இனி, அரசாங்கத்தை நோக்கிச் சில சொற்கள். "சட்டம் தெரியாது என்பது தற்காப்பு ஆகாது" என்பது நாம் சட்டக் கல்லூரியில் முதல் நாளிலேயே படித்த பாடம். நன்று, ஏற்றுக்கொள்கின்றோம். ஆனால் அப்பாடத்துக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. குடிமகன் சட்டத்தை அறிந்திருக்கவேண்டுமென்றால், அதை அவனுக்கு அறிவிக்கவேண்டிய கடமை அரசுக்கு உண்டு. எந்த மொழியில்? அவனுக்கு விளங்கும் மொழியில். 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் சிங்களம் ஒன்றே அரசகரும மொழி என்றது. எத்தனையோ போராட்டங்களுக்கும் இழப்புகளுக்கும் பின், 1987 ஆம் ஆண்டின் 13 ஆந் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று எழுதியது. எழுதியது உண்மை. ஆனால், தமிழ்க் கமக்காரர் வரிசையில் நிற்கும் தபாற் கந்தோர் ஒன்றிலே, அனுப்பத்தகாத பொருள்களின் பட்டியல் அவர் வாசிக்க இயலாத மொழிகளில் மாத்திரம் தொங்கியதை நாம் கண்ணாரக் கண்டோம். பொதியின் மேல் ஒட்டும் சுங்கப் படிவத்திலே, விளங்காத வரியின் கீழ்க் கையொப்பமிடும் முதியவர்களையும் கண்டோம். கையொப்பமிட்டவர் தாம் கூறியது உண்மை என்று உறுதி கூறியவராகின்றார். எதை உறுதி கூறினார் என்பதை அறியாமலே உறுதி கூறினார்! இது சட்டமா, பொறியா?

அதனாலேதான், நண்பர்களே, பித்தளைக் கோதிலும் அரசியல் உண்டு என்றோம். மொழியுரிமை மேடைக்கு மாத்திரம் உரிய பொருளன்று. அது தபாற் கந்தோரின் சுவரிலே ஒட்டப்படும் ஒரு தாள். அத்தாள் தமிழிலும் ஒட்டப்பட்டால் ஒரு குடும்பம் காக்கப்படும்.

எமது கோரிக்கைகள் பெரியனவல்ல. அனுப்பத்தகாத பொருள்களின் பட்டியல், துவக்கின் உறுப்புகள், தோட்டா, தீமூட்டி, கோது, எறிகணைத் துண்டு என்று பெயர் சொல்லி, ஒவ்வொரு தபாற் கந்தோரிலும் மும்மொழியிலும் தொங்கவேண்டும். சுங்கப் படிவத்தின் ஒவ்வொரு வரியும் தமிழில் இருக்கவேண்டும். போர் நடந்த நிலத்திலே கோதோ குண்டோ கண்டெடுத்ததாக வந்து சொல்பவரைக் குற்றவாளிபோல விசாரிக்காமல், சாட்சியாக மதித்து, கொடுத்த பொருளுக்குப் பற்றுச்சீட்டு வழங்கவேண்டும். பற்றுச்சீட்டு இல்லாத ஒப்படைப்பு மக்களை அச்சுறுத்தும். அச்சம் கொண்டவர் பொருளைக் கிணற்றிலே போடுவர். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிலே 2017 டிசம்பரில் இணைந்த அரசுக்கு, நிலத்தைச் சுத்தம் செய்யும் கடமையோடு மக்களின் நம்பிக்கையைப் பெறும் கடமையும் உண்டு.

அரசுக்குச் சொன்னோம், எமக்கு நாமே சொல்லவேண்டியனவும் உண்டு. முதலாவது, நிலத்திலே கண்ட எந்தக் கோதையும் ரவையையும் துண்டையும் பிள்ளைகள் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பழைய இரும்புக்கு விலை உண்டு; பிள்ளையின் விரலுக்கு விலை இல்லை. இரண்டாவது, கண்ட இடத்தை ஒரு தடியாலோ கல்லாலோ தூரத்திலே அடையாளமிட்டு, கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவியுங்கள். தனியே போகாமல் இருவராகப் போங்கள். சொன்ன திகதியையும் கேட்டவர் பெயரையும் ஒரு கொப்பியிலே எழுதி வையுங்கள். மூன்றாவது, அனுமதிப்பத்திரம் உள்ள துவக்கின் உறுப்பு பழுதானால் அதைத் தபாலில் இடவேண்டாம். பத்திரத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, அனுமதி பெற்ற திருத்துநரிடம் நேரே கொண்டுபோங்கள். நான்காவது, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அங்கிருந்து துவக்கின் உறுப்பு எதையும் இங்கே அனுப்ப முயலக்கூடாது. அந்நாட்டின் ஏற்றுமதி விதி ஒன்று, இந்நாட்டின் இறக்குமதி விதி ஒன்று, நடுவே தபால் விதி ஒன்று என மூன்று வேலிகளைத் தாண்டவேண்டியிருக்கும். ஐந்தாவது, சுங்கப் படிவத்திலே பொய் எழுதாதீர்கள். "பித்தளை அலங்காரப் பொருள்" என்று எழுதிவிட்டால் தோட்டாக் கோது அலங்காரப் பொருளாகிவிடாது. சந்தேகத்துக்குரிய பொருளைவிடச் சந்தேகத்துக்குரிய சொல்லே அதிகம் பேரைச் சிறைக்கு அனுப்பியிருக்கின்றது என்பது நீதிமன்ற வாசலிலே நாம் கற்ற பாடம்.

அந்த முதியவரின் கதைக்கு மீள்வோம். எமது விளக்கத்தைக் கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்படியென்றால் பிள்ளைக்கு நான் எதைத்தான் அனுப்புகிறது, தம்பி?" என்று கேட்டார். கோதுகளை முறைப்படி ஒப்படைக்க நாமும் உடன் சென்றோம். பற்றுச்சீட்டு உடனே கிடைக்கவில்லை. மூன்றாம் முறை சென்றபோது கிடைத்தது. அந்தப் பற்றுச்சீட்டின் பிரதியொன்றை எடுத்து, கோதுகள் கிடந்த வாய்க்காலின் படமொன்றையும் சேர்த்து, பதிவுத் தபாலில் மகனுக்கு அனுப்பினார். துவக்கின் குதிரை வீட்டிலேயே இருக்கின்றது.

"பேரப்பிள்ளைகள் கோதைப் பார்க்கவில்லை; ஆனால் அதைக் கண்டதற்குக் கடதாசி இருக்கிறது என்பதைப் பார்த்தார்கள்" என்று பின்னொரு நாள் சொன்னார். நூற்றுக்கணக்கான சட்டப் புத்தகங்களைப் படித்த எமக்கு அந்த ஒரு வசனம் போதுமானதாயிருந்தது.

ஒரு மக்கட் கூட்டம் தன் துயரத்தைக் கோதுகளாகப் பொறுக்கிப் பெட்டியில் வைத்தால் அது நினைவாக மாத்திரம் இருக்கும். இடமும் திகதியும் கையொப்பமும் இட்டுத் தாளில் வைத்தால் அது சான்றாகும். நினைவு எமக்குள்ளே இருக்கட்டும். சான்று உலகத்தின் முன்னே நிற்கட்டும். அதற்கு வேண்டிய விதிகளை அறிவோம். அறிவிக்காத அரசை அறிவிக்கச் செய்வோம்.